பட்டியலில் இடம்பிடிக்க ஒரு மீன் என்ன செய்ய வேண்டும்?

"அழியும் நிலையில் உள்ள உயிரினம் என்று அரசாங்கம் எதை வைத்து முடிவு செய்கிறது?" என்று சென்ற முறை ஒரு வாசகர் கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் சொல்லித் தப்பித்துவிட்டதாக நினைத்தேன். வாசகர்கள் விடவில்லை. அதைத் தொட்டு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. வேலைக்காலம் முழுக்கத் தவளை எண்ணியவன் நான். பட்டியல் போடும் கூட்டங்களில் மேசையின் ஓரத்து நாற்காலி எனக்கு. அங்கிருந்து பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் கலந்தே சொல்கிறேன்.

கே: ஐயா, சிவப்புப் பட்டியலில் ஒரு விலங்கின் பெயர் ஏறிவிட்டால் அதைக் கொல்வது குற்றம்தானே?

பதில்: அந்தப் பட்டியலுக்கு யாரையும் சிறையில் போடும் அதிகாரம் கிடையாது. அதை வெளியிடுவது இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம், சுருக்கமாக ஐ.யூ.சி.என். 1964 முதல் வருகிறது. ஒரு இனத்தின் உடல்நிலை எப்படி என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. தண்டனை, அபராதம், அனுமதி மறுப்பு எல்லாம் ஒரு நாட்டின் சட்டப் பட்டியலில் பெயர் ஏறினால்தான்.

இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.யூ.சி.என். கணக்கில் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலோ அது புலியோடு சேர்ந்து முதல் அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறது. தேசியப் பறவை அல்லவா!

கே: சுற்றி வளைக்காமல் ஒரு எண்ணைச் சொல்லுங்கள் சார். எத்தனை மிச்சம் இருந்தால் 'அழியும் நிலை'?

பதில்: ஐ.யூ.சி.என். விதிப்படி, இனப்பெருக்க வயதை எட்டியவை உலகம் முழுவதும் 50க்குக் கீழே போனால் 'மிக அருகிய இனம்'. 250க்குக் கீழே என்றால் 'அருகிய இனம்'. 1,000க்குக் கீழே 'அழிவாய்ப்பு இனம்'. குஞ்சும் குட்டியும் கணக்கில் வராது.

எண் கிடைத்துவிட்டது. ஆனால் அது அளவுகோல்களில் ஒன்றுதான். மொத்தம் ஐந்து உண்டு, ஏதாவது ஒன்றில் சிக்கினாலும் போதும். எவ்வளவு சின்ன இடத்துக்குள் ஒடுங்கிவிட்டது என்று ஒன்று பார்க்கும். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று இன்னொன்று பார்க்கும். இந்த இரண்டாவதுதான் பலரைக் குழப்புகிறது. கோடிக்கணக்கில் பறந்துகொண்டிருக்கும் ஒரு பறவைகூட, காரணம் இன்னும் ஓயாத நிலையில், பத்து ஆண்டில் பாதியாகக் குறைந்தால் 'அருகிய இனம்' ஆகிவிடும். 80 சதவீதம் குறைந்தால் 'மிக அருகிய இனம்'. பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அதை எடுக்க வேண்டும்.

சண்டை தொடங்குவது இந்த 'தலைமுறை'யில்தான். ஒரு ஆமைக்குத் தலைமுறை 30 ஆண்டு என்று வைத்தால் 90 ஆண்டு பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 25 என்று வைத்தால் 75. பெரிய சரிவு அந்த இடைப்பட்ட 15 ஆண்டில் நடந்திருந்தால், 25 என்று சொன்னவர் கணக்கில் ஆமை ஒரு படி பாதுகாப்பாகிவிடும். ஒரு ஆமையும் கூடவில்லை, குறையவில்லை, தலைமுறைக்கு நாம் வைத்த எண்தான் மாறியது. அதோடு, 90 ஆண்டுக்கு முன் யார் உட்கார்ந்து எண்ணினார்கள்? பழைய வியாபாரக் கணக்கு, அருங்காட்சியகத்துச் சீட்டுகள், வயதானவர்களின் ஞாபகம், இவற்றை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

என் கதை ஒன்று சொல்கிறேன். ஒரு ஓடைக்கரையில் மூன்று இரவு உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். முன்பு பதிவான ஒரு தவளையின் குரல் ஒரு தரம்கூட வரவில்லை. படிவத்தில் பெருமையாக '0' என்று எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் ஒரு மூத்த பெண்மணி படிவத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "தம்பி, அந்த மூன்று இரவும் மழை பெய்ததா?" பெய்யவில்லை. "அப்புறம் அது எதற்குக் கத்தும்?" என்றார். என் பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒரு சின்னக் கோடு போட்டார்கள். பூஜ்யம் என்றால் தேடினோம், இல்லை. கோடு என்றால் தெரியாது. சிவப்புப் பட்டியலில் 'தரவு போதாது' என்று தனியாக ஒரு பிரிவே இருப்பது அந்தக் கோட்டுக்காகத்தான். அதைப் பார்த்துவிட்டு 'அப்படியானால் ஆபத்து இல்லை' என்று படித்துக்கொள்ளும் அதிகாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கே: அரசாங்கம் எடுக்கும் முடிவைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்.

பதில்: அழியும் உயிரினங்களைக் காக்கும் அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்கிறேன். நல்லதோ கெட்டதோ, எதையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அங்கே மனு போட யாருக்கும் உரிமை உண்டு. விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. நிலத்தில், நன்னீரில் வாழ்பவை என்றால் பெரும்பாலும் மீன் மற்றும் வனவிலங்குத் துறை, கடல்வாழ் உயிர்கள் என்றால் கடல் மீன்வளத் துறை. மனுவில் சரக்கு இருக்கிறதா என்று 90 நாளுக்குள் சொல்ல வேண்டும். இருந்தால், மனு வந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் ஆராய்ந்து முடிவு சொல்ல வேண்டும். 'சேர்க்கலாம்' என்றால் அரசிதழில் வரைவு வெளியிட்டு, மக்கள் கருத்து கேட்டு, இன்னும் ஓர் ஆண்டுக்குள் இறுதி ஆணை.

ஆராயும்போது ஐந்து கேள்விகள். வாழிடம் போகிறதா? அளவுக்கு மீறிப் பிடிக்கிறார்களா? நோயோ, தின்னும் விலங்கோ காரணமா? இருக்கிற சட்டங்கள் போதவில்லையா? வேறு ஏதாவது உண்டா? ஒன்றுக்கு 'ஆம்' வந்தாலும் சேர்க்கலாம். ஐ.யூ.சி.என். மாதிரி 250, 50 சதவீதம் என்ற கோடுகள் இந்தச் சட்டத்தில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வில் கேட்பார்கள்.

காகிதத்தில் இரண்டு ஆண்டு வேலை. நடைமுறையில், சட்டம் வந்ததிலிருந்து 2014 வரை பட்டியலில் ஏறிய இனங்களை ஆராய்ந்து பார்த்தபோது, சராசரியாக ஒன்று காத்திருந்தது சுமார் 12 ஆண்டு. இதற்கு ஒரு வழியும் சட்டத்திலேயே இருக்கிறது: 'தகுதி உண்டு, ஆனால் இதைவிட அவசரமானவை வரிசையில் நிற்கின்றன' என்று சொல்லிவிடலாம். மோனார்க் வண்ணத்துப்பூச்சிக்கு 2014இல் மனு போட்டார்கள். 2020 டிசம்பரில் இந்தப் பதில் வந்தது. 2024 டிசம்பரில்தான் சேர்க்கும் வரைவே வெளிவந்தது. ஒரு கோடைகால மோனார்க்கின் ஆயுள் சில வாரங்கள். மனுவுக்கும் வரைவுக்கும் நடுவில் எத்தனை தலைமுறை பறந்து போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீதிமன்றங்கள் வேறு. வால்வரின் என்று ஒரு விலங்கு, நீர்நாய்க் கூட்டத்தின் முரட்டு உறவுக்காரன் என்று சொல்லலாம். குட்டி போட ஆழமான பனி வேண்டும் அதற்கு. அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால் அமெரிக்காவில் சுமார் 300தான். 2013இல் சேர்க்கிறோம் என்றார்கள். 2014இல் வேண்டாம் என்றார்கள். 2016இல் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2020இல் மறுபடியும் வேண்டாம். 2023 நவம்பரில் சேர்த்துவிட்டார்கள். இந்தப் பத்து ஆண்டும் விலங்கு அதே விலங்குதான்.

கே: கொசுவின் எண்ணிக்கை குறைந்தால் அதையும் காப்பாற்றுவார்களா?

பதில்: உங்கள் கவலை அவர்களுக்கும் இருந்திருக்கிறது. மனிதருக்குப் பெரும் கேடு தரும் பூச்சி என்று தீர்மானித்துவிட்டால் அதைச் சேர்க்க வேண்டாம் என்று அதே அமெரிக்கச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

கே: ஒரு மீனுக்காக ஆயிரம் பேர் வேலை இழப்பது நியாயமா? பொருளாதார நஷ்டத்தையும் பார்த்துத்தானே முடிவு எடுப்பார்கள்?

பதில்: இந்த முறை வந்ததில் முக்கியமான கேள்வி இதுதான் என்பேன். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, இந்த மீன் ஆபத்தில் இருக்கிறதா? இன்னொன்று, இருந்தால் நாம் எதை விட்டுக்கொடுக்கத் தயார்? முதல் கேள்விக்கு எண்ணத் தெரிந்தவர்கள் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு வேலை இழப்பவர் உட்பட எல்லோருக்கும் குரல் உண்டு. இரண்டையும் எந்த இடத்தில் ஒட்டுகிறார்கள் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

அமெரிக்காவில் பட்டியலிடும்போது அறிவியல், வணிகத் தரவுகளை 'மட்டுமே' பார்க்க வேண்டும். அந்த 'மட்டுமே'யை 1982இல் சட்டத்தில் சேர்த்தார்கள். நஷ்டக் கணக்கு பிறகு, வாழிடத்துக்கு எல்லை வரையும்போது வரும். டென்னசியில் 1973 ஆகஸ்டில் டேவிட் எட்னியர் என்ற மீனியலாளர் ஒரு ஆற்றில் மூழ்கிப் பார்த்தபோது விரல் நீள மீன் ஒன்றைக் கண்டார். நத்தை தின்னும் மீன், அதனால் ஸ்நெயில் டார்ட்டர் என்று பெயர். அந்த ஆற்றில் டெலிகோ அணை ஏற்கெனவே எழுந்துகொண்டிருந்தது. 1975இல் மீன் பட்டியலில் ஏறியது. 1978இல் உச்ச நீதிமன்றம், அணை கிட்டத்தட்ட முடிந்திருந்தாலும் சட்டம் சட்டம்தான் என்று 6க்கு 3 என்ற கணக்கில் மீன் பக்கம் நின்றது. உடனே சட்டத்தைத் திருத்தி, விலக்கு தர ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள். ஒரு இனம் இருக்கலாமா போகலாமா என்று தீர்மானிப்பதால் அதற்குக் 'கடவுள் குழு' என்று பட்டப்பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவே 1979 ஜனவரியில் விலக்கு தர முடியாது என்று ஒருமனதாகச் சொன்னது. மீன் மேல் பாசத்தால் இல்லை. மிச்சச் செலவைப் போட்டாலும் அணையால் வரும் லாபம் ஈடாகாது என்று கணக்கு வந்தது! கடைசியில் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு நிதி மசோதாவில் விலக்கைச் சொருகி அணையை முடிக்க வழி செய்துவிட்டது.

கனடா வேறு மாதிரி. அங்கே 1977இலிருந்து சுதந்திரமான அறிவியல் குழு ஒன்று இயங்குகிறது. அது ஆபத்தா இல்லையா என்று மட்டும் சொல்லும். சட்டப் பட்டியலில் ஏற்றுவது அமைச்சரவை. அமைச்சரவை நஷ்டத்தையும் பார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். நியூஃபவுண்ட்லாந்தின் காட் மீன் வளம் சரிந்து 1992இல் மீன்பிடிப்பையே நிறுத்தினார்கள். சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. 2003இல் குழு, முப்பது ஆண்டில் 97 சதவீதம் சரிவு, 'அருகிய இனம்' என்று அறிக்கை கொடுத்தது. 2006இல் அரசு சேர்க்க மறுத்துவிட்டது. அறிக்கை கிடைத்த ஒன்பது மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது அமைச்சரவைக்கு முறைப்படி 'கிடைத்த' நாளிலிருந்துதான் என்று பொருள் கொண்டார்கள். அதுவரை கலந்தாலோசனை. எத்தனை ஆண்டானாலும் கேட்பாரில்லை. இந்தத் தந்திரத்தைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட ஒருவித மரியாதைதான் வந்தது.

ஆஸ்திரேலியாவில் இன்னும் மென்மையான வழி. 'பாதுகாப்பைச் சார்ந்தது' என்று ஒரு பிரிவு. தெற்கு நீலத்துடுப்புச் சூரை மீனை 2010இல் அதில் போட்டார்கள். பட்டியலிலும் இருக்கிறது, பிடிக்கவும் செய்கிறார்கள்.

என்னைக் கேட்டால், மறுப்பதுகூடத் தவறில்லை. 'ஆபத்தில் இருக்கிறது, தெரியும், ஆனாலும் இந்தக் காரணத்துக்காகக் காப்பாற்றப் போவதில்லை' என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லிவிட்டு மறுக்கட்டும். கனடாவில் குறைந்தபட்சம் இரண்டு காகிதங்களும் கையில் இருக்கின்றன, யார் எதைச் சொன்னார் என்று தெரிகிறது. நஷ்டத்துக்குப் பயந்து முதல் கேள்வியின் பதிலையே திருத்துவதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. 'தலைமுறை 25 என்று வைத்துக்கொள்ளலாமே' என்று மெல்லிய குரலில் யாராவது சொல்லும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன்.

கே: எல்லா நாட்டுச் சட்டத்திலும் இப்படி அளவுகோல் எழுதியிருக்கிறதா?

பதில்: இல்லை. இந்தியச் சட்டம் அட்டவணைகளைத் தருகிறது. ஒரு இனம் எந்த அட்டவணைக்குப் போக வேண்டும் என்பதற்கு எண்ணளவில் விதி தரவில்லை. மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டு மாற்றலாம். ஆறாக இருந்த அட்டவணைகளை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நான்காக்கியது.

அளவுகோல் இல்லாவிட்டால் வேகமாக ஏற்றலாம், வேகமாக இறக்கவும் செய்யலாம். 2001 ஜூலையில் சுறா, திருக்கை வகைகள் அத்தனையையும் ஒரே அடியில் முதல் அட்டவணையில் போட்டார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது. ஆனால் அந்தப் பத்து ஏன், பதினொன்றாவது ஏன் இல்லை என்று ஒரு மீனவர் கேட்டால் பதில் சொல்ல, சட்டத்துக்குள் ஒரு வரியும் இல்லை.

கே: பனிக்கரடி இருபதாயிரத்துக்கு மேல் இருக்கிறதாமே. அதை எப்படிப் பட்டியலில் சேர்த்தார்கள்?

பதில்: இன்றைய எண்ணை வைத்துச் சேர்க்கவில்லை. 2008இல் அமெரிக்கா அதை ஒரு படி கீழே, 'அச்சுறுத்தலுக்கு உள்ளானது' என்று சேர்த்தது. 'முன்கூட்டிப் பார்க்கக்கூடிய எதிர்காலத்தில்' அழியும் நிலைக்குப் போகக்கூடும் என்றால் போதும் என்கிறது சட்டம். எத்தனை ஆண்டு முன்கூட்டிப் பார்க்கலாம்? கரடியின் மூன்று தலைமுறை, 45 ஆண்டு என்று எடுத்துக்கொண்டு, அதற்குள் கடற்பனி எவ்வளவு உருகும் என்று கணினி மாதிரிகளைப் பார்த்தார்கள். பார்த்தீர்களா, இங்கேயும் அந்த மூன்று தலைமுறை!

கே: கோலா கரடி ஒரு மாநிலத்தில் அருகிய இனமாம், பக்கத்து மாநிலத்தில் இல்லையாம். கேலிக்கூத்தாக இல்லையா?

பதில்: இல்லை. முதலில் அது கரடியே இல்லை. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதி, இந்த மூன்றிலும் சரிந்துவிட்டது, 2022இல் 'அருகிய இனம்' ஆக்கினார்கள். தெற்கே சில இடங்களில் மரத்தை மொட்டையடிக்கும் அளவுக்குப் பெருகிக் கிடக்கிறது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்திருந்தால்தான் கேலிக்கூத்து.

கே: காலம் கடந்து பட்டியலிட்ட கதை உண்டா?

பதில்: உண்டு, சொல்லவே கஷ்டமாக இருக்கும். டாஸ்மேனியப் புலி என்பது நிஜப் புலி இல்லை, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் வாழ்ந்த, வயிற்றில் பையுள்ள விலங்கு. அதற்கு அங்கே அரசே 1888 முதல் தலைக்கு ஒரு பவுண்டு வெகுமதி கொடுத்தது. 2,000க்கு மேற்பட்ட தலைகளுக்குப் பணம் போயிற்று. பிறகு மனம் மாறி, 1936 ஜூலை 10 அன்று சட்டப் பாதுகாப்பு தந்தார்கள். நமக்குத் தெரிந்த கடைசிப் புலி ஹோபார்ட் விலங்குக் காட்சிச்சாலையில் அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று செத்தது. ஐம்பத்தொன்பது நாள்.

பாதுகாப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் பயணிப் புறாவுக்குப் பாதுகாப்பு கேட்டு 1857இல் ஓஹாயோ மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. அதற்குத் தேவையில்லை, அவ்வளவு பெருகும் பறவை அது என்று செனட் குழு அறிக்கை தந்தது. கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டியில் செத்தது. சின்சினாட்டி இருப்பதும் ஓஹாயோவில்தான்.

பட்டியலில் நேரத்தோடு ஏறியும் பிழைக்காதது உண்டு. பிராம்பிள் கே மெலோமிஸ், டோரஸ் நீரிணையில் ஒரு சின்ன மணல் தீவின் எலி. ஆஸ்திரேலியச் சட்டப் பட்டியலில் இருந்தது. மீட்புத் திட்டமும் 2008இல் எழுதினார்கள். 2009இல் கடைசியாக ஒருவர் பார்த்தார். 2014இல் போய்த் தேடியபோது இல்லை. இந்தப் பூஜ்யத்துக்கு யாரும் கோடு போட முடியவில்லை.

கே: பட்டியலில் ஏறியது எப்போதாவது இறங்கியிருக்கிறதா?

பதில்: வெண்தலைக் கழுகு 2007இல் அமெரிக்கப் பட்டியலிலிருந்து இறங்கியது, பிழைத்துக்கொண்டதால். 2023இல் ஒரே நாளில் 21 இனங்கள் இறங்கின. அவை அற்றுப்போயிருந்தன. வடக்கு ராக்கி மலை ஓநாய்களை 2011இல் காங்கிரஸே நேராகச் சட்டம் போட்டு இறக்கியது.

அந்த விரல் நீள மீனும் இறங்கிவிட்டது. வேறு ஆறுகளுக்கு மாற்றி விட்டது பிழைத்தது, புதிதாகச் சில ஆறுகளில் தென்படவும் செய்தது. 1984இல் ஒரு படி இறங்கி, 2022இல் வெளியே வந்தது. அப்புறம் 2025 ஜனவரியில் ஒரு மரபணு ஆய்வு வந்தது. அது தனி இனமே இல்லையாம். வேறு ஆறுகளில் இருக்கும் இன்னொரு டார்ட்டர் இனத்தின் கிழக்குக் கூட்டமாம். முதுகெலும்புள்ள விலங்கு என்றால் தனித்த கூட்டத்தை மட்டும்கூடப் பட்டியலிடலாம் என்று சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் உச்ச நீதிமன்றம்வரை போன வழக்கு அதைத் தனி இனம் என்று வைத்துத்தான் நடந்தது. எட்னியர் எண்ணிய மீன்கள் எண்ணியபடியே இருக்கின்றன, பெயர்தான் ஆட்டம் காண்கிறது. அடுத்த முறை தவளைகளின் பெயர் மாற்றம் பற்றி யாராவது கேளுங்கள், அதில் எனக்கும் கொஞ்சம் சொந்த நஷ்டம் உண்டு.